எந்த இரண்டு

கருங்கோழியைப் பிடித்து மடியில் அமுக்கி வாலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தபோது இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைந்தது. ஆனால் அது பூமிநாதனுடைய விரல். முப்பத்தைந்து வருஷம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு வால்வு திருகித் திருகித் தடித்துப்போன விரல், மனைவி ராக்கம்மாளின் விரலில் ஒன்றரை வரும், அப்படியானால் இந்த ஒன்று அவள் கணக்கில் ஒன்றரை, ஒன்றரைக்கு அவள் என்ன சொல்லுவாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு விரல் நுழைந்தால் முட்டை இடுகிற கோழி, ஒன்றுகூட நுழையாவிட்டால் நின்றுபோன கோழி, இவ்வளவுதான் அவர் காதில் விழுந்திருந்தது, அதுவும் அவரிடம் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுப் பொன்னழகிடம் சொன்னது. நடுவில் இருப்பதை எல்லாம் அவள் கைக்குத் தெரியும், வாய்க்குக் கொண்டுவந்ததில்லை. கோழியின் நெஞ்சு அவர் உள்ளங்கையில் தடதடவென்று அடித்தது. இவ்வளவு வேகமாக அடிக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு இது ஆறு வருஷம் எப்படி நடமாடியது என்று நினைத்தார், நினைத்ததும் தன் நெஞ்சின் மேல் கவனம் போனது, கவனம் போனால் அது விட்டு விட்டு அடிப்பதுபோல் இருக்கும், வேண்டாம், கோழியைப் பார். மணி இரண்டு இருக்கும். நாலு மணிக்குக் கறிக்கடை மலைச்சாமி கூடையோடு வந்துவிடுவான். ஏழில் இரண்டை நிறுத்திக்கொண்டு ஐந்தை அவனிடம் விட்டுவிட வேண்டும். பொழுது சாய ஓசூரிலிருந்து மருமகன் காரில் வருவான், அந்த இரண்டோடு இவரையும் ஏற்றிக்கொள்வான். "ரெண்டே ரெண்டுப்பா" என்று மகள் இந்துமதி ஒரு வாரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்காரம்மாகிட்ட கெஞ்சி வாங்கியிருக்கேன். மூணாவதா ஒண்ண அட்டப்பெட்டியில ஒளிச்சுக் கொண்டாந்துறாதீக. எந்த ரெண்டுன்னு முடிவு பண்ணியாச்சா?" பண்ணிவிட்டேன் என்று நேற்றுக் காலையில் பொய் சொல்லியிருந்தார்.

எந்த இரண்டு. முட்டை இடுவது எது என்று பார்ப்பதெல்லாம் சும்மா, கைக்கு ஒரு வேலை, அது அவருக்கே தெரிந்துதான் இருந்தது. முட்டைக்காக ஓசூருக்குக் கோழி கொண்டுபோகிறவர் யார். இந்த ஏழில் ஒன்று கருப்பருக்கு நேர்ந்து விட்டது. அது எது என்று தெரிய வேண்டும், அதை மலைச்சாமி கையில் கொடுத்துவிடக் கூடாது, இதுதான் விஷயம், இது ஒன்றுதான். போன வருஷம் மாசி மாதம் நெஞ்சு அடைத்து மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவந்தபோது, ஆற்றுப்பாலம் தாண்டிக் கருப்பர் கோயில் வேப்பமரங்கள் தெரிந்ததும் ராக்கம்மாள் ஜன்னல் கம்பி வழியாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். "கொண்டாந்து விட்டுர்றேன், கொஞ்சம் பொறுத்துக்க" என்று பக்கத்து சீட்டில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல் சொன்னாள். என்ன என்று கேட்டார். "கோழி. ஒங்களுக்காக நேந்தது." எந்தக் கோழி? "அதச் சொல்லப்படாது. செலுத்துற வரைக்கும் வாயால சொல்லப்படாது. நீங்க சாஞ்சுக்கங்க, காத்து அடிக்குது." அவர் சாய்ந்துகொண்டார். மறுபடி கேட்டிருக்கலாம். மறுநாள் கேட்டிருக்கலாம், நாலு மாதம் இருந்தது, நூற்றிருபது நாள் ஒரே வீட்டில் அவள் சோறு போட இவர் தின்றுகொண்டு இருந்தார், கேட்கவில்லை. நேர்ந்துவிட்ட கோழிக்குக் காலில் மஞ்சள் துணி கட்டுகிற வழக்கம் உண்டு என்று பதினாலு கால்களையும் காலையிலேயே பார்த்தாயிற்று. துணி எதிலும் இல்லை. நடுவிரல் நகம் எல்லாவற்றுக்கும் வெட்டியிருந்தது, அது பொன்னழகின் கோழிகளோடு கலந்துவிடாமல் இருக்கக் குஞ்சிலேயே வெட்டுவது, அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. துணி கட்டி அவிழ்ந்து விழுந்திருக்கலாம். அல்லது அந்தத் துணி கட்டிய கோழி இந்த ஏழிலேயே இல்லாமல் இருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் அவர் எப்போதும் செய்வதுபோல் எழுந்து ஏதாவது செய்யப் பார்த்தார், மடியில் கோழி இருந்தது, எழ முடியவில்லை.

கருங்கோழியை விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்ததைப் பிடித்தார். பிடிக்கவே வேண்டாம், அது தானாக வந்து காலடியில் உட்காருகிற கோழி, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, பார்வை இருக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. இதுவாக இருக்குமோ. சாமிக்குக் கொடுப்பதில் ஊனம் இருக்கக் கூடாது என்பார்கள், அப்படியானால் இது இல்லை, ஆனால் போன மாசியில் இதற்குக் கண் நன்றாகத்தானே இருந்தது, அப்படியானால் இதுவாகவும் இருக்கலாம், கண் போனதே அதனால்தானோ, செலுத்தாமல் வைத்திருப்பதால் சாமி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறதோ, முதலில் கண், அதற்கு முன்னால். நிறுத்து. கொண்டைக்கோழி வேலியோரம் மண்ணைக் குழித்துப் படுத்து இறகைச் சிலுப்பிக்கொண்டிருந்தது. அது அவள் கையில் மட்டும்தான் தின்னும், அவள் போன பிறகு ஒன்பது நாள் தீனி எடுக்கவில்லை, பிறகு எடுத்தது, இவரைப்போல. செவலை இரண்டும் ஒரே ஈற்றுக் குஞ்சுகள், ஒன்றைப் பிரித்தால் மற்றது கத்தியே செத்துப்போகும் என்று அவள் சொல்லுவாள், அவற்றையே எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக இரண்டு. ஆனால் அது அவற்றின் சௌகரியம், இவர் தேடுவது அது இல்லை. பொரிக்கோழி எப்போதும் ஓடிவிடும். கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழியை மகளுக்குப் பிடிக்காது, பார்த்தாலே உவ்வே என்பாள். ஏழு. ஏழில் ஒன்று. இரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதில் அது அகப்படுவதற்கு ஏழில் இரண்டு பங்குதான் வாய்ப்பு, ஐந்து பங்கு அது மலைச்சாமி கட்டையில் போய் விழும். மோட்டார் அறையில் மீட்டர் பார்த்து எழுதிய ஆளுக்கு இந்தக் கணக்கு கூடவா தெரியாது. தெரிந்தது. அதனால்தான் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் கோழி இந்த ஏழிலேயே இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். வாயெல்லாம் மாத்திரைக் கசப்பு. கஞ்சி, கஞ்சி, உப்பில்லாத கஞ்சி. கட்டிலில் இருந்தபடியே கொல்லைப்பக்கம் பார்த்துச் சொன்னார், "ஏய், ஒரு கோழியப் பிடிச்சுச் சாறு வச்சுக் குடேன், நாக்கு செத்துப்போச்சு." அவள் கையில் தீனிச் சொப்போடு கோழிகளுக்கு நடுவில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு பாட்டு முடிகிற நேரம் இருக்கும், பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது, அதுவரைக்கும் நின்றாள். இவர்தான் கத்தினார். "என்ன யோசன அங்க? கோழியத்தான கேட்டேன், ஒன் கொலயவா கேட்டேன்?" கத்திய சத்தம் இன்னும் இவர் காதில் இருந்தது, அவள் முகம் இல்லை, அவள் திரும்பிப் பார்த்தாளா, சிரித்தாளா, ஒன்றும் இல்லை, தன் குரல் மட்டும் இருந்தது. பிறகு அவள் வேலியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டு வந்து ஒரு செவலையைப் பிடித்தாள். மிளகு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு வைத்த சாறு. இரண்டு தம்ளர் குடித்தார். வேர்த்தது, உடம்பில் உயிர் வந்ததுபோல் இருந்தது, தேவாமிர்தம் என்று சொன்னார். நீயும் குடி என்றார். "எனக்கு வேண்டாம்" என்றாள். அப்புறம் சாகும்வரை அவள் கோழிக்கறி தொடவில்லை. ஆடியில் காய்ச்சல் வந்தது, நாலு நாள், ஐந்தாம் நாள் இல்லை. ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், என்னென்னவோ காய்ச்சல் பெயர் சொன்னார்கள், இவருக்குச் சாறுதான் ஞாபகம் வந்தது. தன் உயிருக்கு என்று எடுத்துவைத்ததைத் தானே கேட்டு வாங்கிக் குடித்துவிட்டார். கொடுக்க வேண்டியது இல்லாமல் போனதும் நேர்ந்தவளையே எடுத்துக்கொண்டார் கருப்பர். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள், "அப்பா, இந்தக் காலத்துல" என்று ஆரம்பிப்பாள். இவரும் சாமி சாமி என்று திரிகிற ஆள் இல்லை, மோட்டார் ரூமில் மாட்டியிருந்த படத்துக்குப் பூ வைத்ததுகூட இல்லை. நம்பிக்கை இல்லாதவனை இந்தப் பயம் விட்டுவிடும் என்று நினைத்திருந்தார். அது கழுத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் அந்தக் கோழி இந்த ஏழில் இருந்தாக வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் சாறு வைத்தது வேறு கோழி என்று ஆகிவிடும், அவள் காய்ச்சலால் செத்தாள் என்று ஆகிவிடும். இருந்துவிடு, இதில் எதிலாவது இருந்துவிடு என்று சாம்பல் கோழியின் முதுகைத் தடவியபடி ஏழையும் கெஞ்சினார். பொன்னழகைக் கேட்டால் தெரிந்துவிடும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் அவள்தான், இந்தப் பதினோரு மாதமும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். கேட்டு, அவள் "அந்தச் சாறு வச்ச செவல" என்று சொல்லிவிட்டால்?

"என்னண்ணே, பேத்திக்குப் பேன் பாக்குற மாதிரி கோழிய மடியில போட்டு ஒக்காந்திருக்கீக" என்று படலைத் தள்ளிக்கொண்டு பொன்னழகே வந்தாள். தீனித் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார், அதற்கு வந்திருந்தாள். "எந்த ரெண்டு? அந்தக் கழுத்தறுத்தான மட்டும் கொண்டுபோகாதீக. ஓசூர்க்காரவுக உரிச்ச கோழி நடந்து வருதுன்னு ஓடிப்போவாக." அவர் சிரிக்கவில்லை. அவள் தொட்டியைக் கவிழ்த்து உமியைத் தட்டினாள். இரண்டாவது முறை தட்டியபோது, அந்தச் சத்தத்துக்குள் மறைத்து வைப்பதுபோல், "பொன்னழகு, ராக்கு நேந்துக்கிட்டது எந்தக் கோழிய?" என்று கேட்டுவிட்டார். அவள் தொட்டியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா?" "தெரிஞ்சா கேப்பனா." "மதினி சொல்லலையா?" "சொல்லப்படாதுன்னுட்டா." பொன்னழகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எந்தக் கோழின்னா என்னண்ணே சொல்றது. எல்லாந்தான்." அவருக்கு விளங்கவில்லை. "எல்லாந்தான்ணே. அப்ப பதினொண்ணு இருந்துச்சு, மூணு பெறகு சீக்குல போச்சு. டாக்டர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. மதினி செவத்துல சாஞ்சு ஒக்காந்தாக, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கருப்பா, அந்த மனுசன விட்டுரு, எங்கிட்ட இருக்கிற பதினொண்ணையும் ஒனக்கே விட்டுர்றேன், எனக்குன்னு இருக்கிறது அம்புட்டுத்தான்னு சொன்னாக. நாந்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, மதினி, கருப்பருக்குச் சேவல்ல குடுப்பாக, பொட்டக்கோழிய ஏத்துக்குவாரான்னேன். இருக்கிறதத்தாண்டி குடுக்க முடியும், அவரு வேணா சேவல்னு நெனச்சுக்கிறட்டும்னாக. அந்த எடத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

"அப்ப அந்தச் சாறு" என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு மேலே கேட்கத் தேவைப்படவில்லை. "அதுவும் அதுல ஒண்ணுதான். அன்னிக்கு நேரா எங்க வாசல்ல வந்து நின்னாக. பொன்னழகு, கருப்பருகிட்ட சொல்லிட்டு ஒண்ண எடுத்துக்கிறேன், அவரு காப்பாத்துன வயித்துக்குத்தான ஊத்துறேன், கோவிச்சுக்குவாராடின்னாக. கோவிச்சா வந்து ஒரு தம்ளரு அவரும் கேப்பாரு மதினின்னேன். போடின்னு சிரிச்சுக்கிட்டே போனாக." "அவ குடிக்கலையே. ஒரு வாய்கூட குடிக்கலையே." "சாமி கோழிய நேந்தவுக எப்படிண்ணே திம்பாக? டாக்டர் ஒங்களுக்கு முட்டை குடுக்கச் சொன்னாரு, மனுசன் எந்திரிச்சு நடக்கட்டும், அவரையே தூக்கிக்கிட்டு வரச் சொல்லி மொத்தமா கொண்டுபோய் விட்டுருவோம்னு இருந்தாக. நீங்க நடந்தீக. அவுக படுத்துட்டாக." அவள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகாமல் நின்றாள். "பச்சத் தண்ணி குடிங்கண்ணே, மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அவர் தலையை ஆட்டினார். படல் சாத்துகிற சத்தம் கேட்டது.

விட்டுப்போயிருக்க வேண்டும். பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதுதான், இறங்கிய இடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. சாறு காரணம் இல்லை. அப்படியானால் எது காரணம். தான்தான் கொன்றோம் என்று இருந்தவரைக்கும் அவள் சாவுக்கு ஒரு கணக்கு இருந்தது, இவர் பெயர் எழுதிய கணக்கு, அதைப் பிடித்துக்கொண்டு காலையில் எழுந்து கோழிக்குத் தண்ணீர் வைத்து வந்தார். இப்போது அவள் சும்மா செத்தாள் என்று ஆகிவிட்டது. ஒரு காய்ச்சல் வந்தது, செத்தாள். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எங்கே போவது. ஓசூருக்கா. சாம்பல் கோழி மடியைவிட்டு இறங்கிப் போய்ச் செவலைகளோடு சேர்ந்து மண்ணைக் கிளறியது. ஏழும் அவர் கண்முன் மேய்ந்தன, ஏழும் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தன. ஒன்றையும் நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை, ஒன்றையும் மலைச்சாமிக்குக் கொடுக்கவும் உரிமை இல்லை. இரண்டை மட்டும் கொண்டுபோனால் யாருக்குத் தெரியும், பொன்னழகு வாயைத் திறக்க மாட்டாள். ஐந்தைக் கோயிலில் விட்டுவிட்டு, கொண்டைக்கோழியையும் இந்தச் சாம்பலையும், இரண்டே இரண்டு, ஓசூரில் ஒரு சிமெண்டுத் தரையில். அவள் கை பட்ட உயிர் என்று ஒன்றிரண்டாவது வேண்டாமா. ஆனால் இரண்டை வைத்துக்கொண்டால் பாக்கி இருக்கும், பாக்கி இருந்தால். இங்கே வந்து அவர் நினைப்பு மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்ட இடத்தில், இவ்வளவு நாளும் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்த ஒன்று தெரிந்தது. எந்தக் கோழி என்று தெரியாததாலா இத்தனை நாள் செலுத்தாமல் இருந்தார்? வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். செலுத்தாமல் இருந்தால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். பேச்சு முடியாதவரை கருப்பர் வந்து, என்னப்பா, கோழி வரவில்லையே, நீ கிளம்பு என்று எந்த நாளும் சொல்லலாம். அதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கும்போதெல்லாம் இன்றைக்கா என்று கேட்டுக்கொண்டு படுத்தது அதற்குத்தான், பயத்தில் என்று நினைத்திருந்தார், பயம் இல்லை, ஆசை. ஏழையும் கொண்டுபோய் விட்டுவிட்டால் முடிந்தது. இந்த உயிர் இவருக்கே ஆகிவிடும். முழங்கால் வலிக்கிற, முட்டை இடாத, யாருக்கும் உதவாத இந்த எழுபத்தொரு வயசு அவர் தலையில் நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடும். அவள் இல்லாத அத்தனை காலையையும் வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாமல் போய்விடும். "வேணாம் ராக்கு" என்று வாய்விட்டே சொன்னார், "எனக்கு வேணாம், திருப்பி வாங்கிக்கச் சொல்லு." கோழிகள் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரில் சாய்ந்து அவள் எவ்வளவு நேரம் யோசித்திருப்பாள்? அங்கேயும் ஒரு பாட்டு முடிகிற நேரம் நின்றிருப்பாளா? நின்றிருக்க மாட்டாள். பதினொன்று ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். எதை வைத்துக்கொள்வது என்று அவளைக் கேட்டபோது அவள் விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. எலும்பும் தோலுமாகக் குழாய் சொருகிக் கிடந்த ஒன்றைக் காட்டி, இது என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கையில் கோழி வாடை அடித்தது.

மலைச்சாமி நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டான். மொபெட்டை வேலியில் சாய்த்துவிட்டுக் கூடையை இறக்கினான். "என்ன பெரியவரே, அஞ்சையும் கட்டிப் போட்டிருப்பீகன்னு பாத்தா எல்லாம் ஊர்வலம் போயிட்டிருக்கு." "ஏழு" என்றார் பூமிநாதன். "மக வீட்டுக்கு ரெண்டு கொண்டுபோறதா பேச்சு?" "ஏழையும் புடி. கடைக்கு இல்ல. ஆத்தங்கரைக் கருப்பர் கோயிலுக்கு. என்னையும் பின்னால ஏத்திக்க." மலைச்சாமி கையை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனான். "நேத்திக்கடனா? மொதல்லயே சொல்லப்படாதா? கறிக்கடக் கூடையவில்ல கொண்டாந்துட்டேன்" என்று செருப்பைக் கழற்றி வேலிக்கு வெளியே வீசினான். குழாயடிக்குப் போய்க் கூடையைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், கையை முழங்கைவரை கழுவினான், அப்புறம்தான் கோழியைத் தொட்டான். "கொண்டுபோய் விட்டா அங்க கீரி கெடக்கு, தெரியுமில்ல? வயசான கோழிக. ரெண்டு மாசம் தாங்குனா அதிகம்." "தெரியும்." "ஒண்ணு ரெண்ட நிறுத்திக்கங்க பெரியவரே, கருப்பரு எண்ணவா போறாரு." சாம்பல் கோழியைப் பூமிநாதனே தூக்கினார். அது முரண்டு பிடிக்கவில்லை, பார்வை இல்லாத பக்கத்தை அவர் சட்டையில் வைத்துக்கொண்டது. அந்தச் சூட்டை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். இன்னும் ஒரு நிமிஷம். கூடைக்குள் இறக்கிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக இறகிலிருந்து எடுத்தார். ஆறு முன்பே உள்ளே இருந்தன. மலைச்சாமி வலையை இழுத்துக் கட்டினான். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா, ஒங்க மாப்ள திண்டுக்கல் தாண்டிட்டாராம்" என்றாள் இந்துமதி. "இங்க கோழிக்கு வலை வாங்கிக் கட்டியாச்சு. வீட்டுக்காரம்மா வந்து பாத்துட்டு, கருப்பா செவப்பான்னு கேட்டுட்டுப் போறாக. எந்த ரெண்டுப்பா வருது?" மொபெட் உறுமிக்கொண்டிருந்தது. மலைச்சாமி பின்சீட்டில் அவருக்கு இடம் விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "அப்பா? கேக்குதா? எந்த ரெண்டு?"

"கோழி ஒண்ணும் வரலம்மா" என்றார். "நான் மட்டுந்தான் வர்றேன்."